வன்தட்டுக்கு ஒரு வீடு: பல வன்தட்டுகள் வைக்கும் கணினிப் பெட்டியின் வரலாறு



வரலாறு என்றதும் அரசர், போர், உடன்படிக்கை, விடுதலை என்றுதான் நம் மனம் ஓடும். ஆனால் மேசைக்கு அடியில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற கணினிப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்குங்க. நம் ஊர்க் கடைகளில் 'கேசிங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அதேதான். அதிலும் பல வன்தட்டுகளை ஒன்றாக வைத்து, வீட்டிலோ பள்ளியிலோ ஒரு சர்வர் நடத்த உதவும் கேசிங் எப்படி உருவானது, இன்று அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த மாதக் கட்டுரை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். உங்கள் பள்ளியையே நினைத்துப் பாருங்க. பேச்சுப் போட்டி ஒலிப்பதிவுகள், பழைய ஆண்டு மலரின் ஸ்கேன், பயிற்சித் தாள்கள், நாடகக் காணொளிகள், விளையாட்டு விழாப் படங்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? ஒருவருடைய பென் டிரைவில் கொஞ்சம், இன்னொருவருடைய மடிக்கணினியில் கொஞ்சம். அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால், அல்லது ஓய்வு பெற்றால், அந்தப் பதிவுகளும் கூடவே போய்விடுகின்றன. இருபது ஆண்டு உழைப்பு ஒரு மேசை டிராயரில் மறைந்துபோவது பெரிய இழப்பு. அதனால்தான் பலர் 'எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு சர்வர் போடலாமா' என்று யோசிக்கிறார்கள். யோசித்தவுடன் வரும் முதல் கேள்வி: எந்தக் கேசிங் வாங்குவது?

விளம்பரத்தைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. வரலாற்றைப் பார்த்தால் கிடைக்கும்.

1. ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கும் கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்ட் ஜான்சன் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று ஆசிரியர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பென்சில் கோட்டில் மின்சாரம் பாயும் என்ற உண்மையை வைத்து, விடைத்தாளில் போட்ட பென்சில் அடையாளத்தைத் தானாகக் கண்டுபிடித்து மதிப்பெண் போடும் ஓர் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அந்தக் கண்டுபிடிப்பை வாங்கி, அவரையும் 1934இல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. இன்று நீங்கள் கறுப்பாக்கும் பல்தேர்வு விடைத்தாளின் முன்னோர்களில் அந்த இயந்திரமும் ஒன்று.

அதே ஜான்சனை 1952இல் ஐ.பி.எம். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகருக்கு அனுப்பி, ஒரு புதிய ஆய்வுக்கூடத்தை நடத்தச் சொன்னது. அங்கேதான் உலகின் முதல் வணிக வன்தட்டு பிறந்தது. 1956 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ராமாக் கணினியோடு வந்த அந்தச் சாதனத்தின் பெயர் ஐ.பி.எம். 350. அதன் உள்ளே 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே தண்டில் சுழன்றன. மொத்தம் 50 இலட்சம் எழுத்துகளைத்தான் சேமிக்க முடிந்தது. இன்றைய கணக்கில் 4 மெகாபைட்டைக்கூடத் தொடாது. கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்துக்குச் சமம். எடையோ ஒரு டன்னுக்கு மேல்!

இங்கே ஒன்றைக் கவனியுங்க. அந்தக் காலத்தில் வன்தட்டு வேறு, அதை வைக்கும் பெட்டி வேறு இல்லை. குளிர்சாதனப் பெட்டியைவிடப் பெரிய அந்த இரும்பு அலமாரியே வன்தட்டு. 'எந்தக் கேசிங்கில் வைப்பது' என்ற கேள்வி எழ வேண்டுமானால், முதலில் வன்தட்டு கையில் பிடிக்கும் அளவுக்குச் சுருங்க வேண்டும்.

2. அளவு சுருங்கியது, அறை பிறந்தது

அது சுருங்க 24 ஆண்டுகள் ஆயின. 1980இல் சீகேட் நிறுவனம் எஸ்.டி. 506 என்ற வன்தட்டைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைட். ராமாக் சேமித்ததைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் மேசைக் கணினிக்குள் நுழையும் அளவு. அதன் வெளிவடிவத்தை அந்த நிறுவனம் புதிதாகக் கற்பனை செய்யவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த 5.25 அங்குல நெகிழ்தட்டு இயக்கி எந்த இடத்தில் பொருந்துமோ, அதே இடத்தில் பொருந்தும்படி செய்தது. 1983இல் ஐ.பி.எம். தனது எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் வன்தட்டை உள்ளேயே வைத்து விற்றபோது, 'கணினி என்றால் உள்ளே வன்தட்டு இருக்கும்' என்ற வழக்கம் வேரூன்றத் தொடங்கியது.

அதே 1983இல் ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் 3.5 அங்குல வன்தட்டைக் கொண்டுவந்தது. அந்த அளவுதான் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பெயர்தான் 3.5 அங்குலம்; வெளிப்பெட்டியின் அகலம் 101.6 மில்லிமீட்டர், அதாவது சரியாக 4 அங்குலம். உயரம் 26.1 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வையுங்க. பின்னால் ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

வரலாற்றுப் பாடத்தில் 'தொடர்ச்சியும் மாற்றமும்' என்று படிக்கிறோம், இல்லீங்களா? இது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வன்தட்டின் உள்ளே இருக்கும் தொழில்நுட்பம் மெகாபைட்டிலிருந்து டெராபைட்டுக்கு மாறிவிட்டது. வெளி அளவு மட்டும் மாறவே இல்லை. ஏன்? எல்லாக் கேசிங்கிலும் திருகுத் துளைகள் அந்த அளவுக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்டன. ஒரு தரம் நிலைபெற்றுவிட்டால், அதை மாற்றுவது அதை உருவாக்குவதைவிடக் கடினம்.

3. நூறு வன்தட்டும் 300 மணி நேரமும்

ஒரே கணினியில் ஏன் பல வன்தட்டுகள் வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குத் திருப்புமுனையாக அமைந்தது 1988. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே ஒரு பெரிய, விலை உயர்ந்த வன்தட்டுக்குப் பதிலாக, மேசைக் கணினிக்கான பல மலிவான சிறு வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அவர்கள் கருத்து. அந்த முறைக்கு 'ரெய்டு' என்று பெயர்.

ஆனால் அவர்களே ஒரு பெரிய சிக்கலையும் எடுத்துக் காட்டினார்கள். ஒரு சிறு வன்தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதில்லாமல் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 100 வன்தட்டுகளைச் சேர்த்தால் என்ன ஆகும்? 30,000ஐ 100ஆல் வகுத்தால் 300 மணி நேரம். அதாவது இரண்டு வாரத்துக்குள் ஏதாவது ஒன்று பழுதாகிவிடும்! எண்ணிக்கை கூடக்கூட, 'பழுதாகுமா' என்ற கேள்வி போய், 'எப்போது பழுதாகும்' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதற்கு அவர்கள் சொன்ன தீர்வு, சில வன்தட்டுகளில் கூடுதல் சரிபார்ப்புத் தகவலை எழுதி வைப்பது. ஒன்று பழுதானால், மற்றவற்றில் உள்ளதைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு மீட்டுவிடலாம். பழுதானதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் போதும்.

இந்தக் கருத்து கேசிங்கின் இலக்கணத்தையே மாற்றியது. வன்தட்டு என்பது ஒருமுறை உள்ளே வைத்துத் திருகி மறந்துவிடும் பொருள் இல்லை. அடிக்கடி இல்லாவிட்டாலும், கட்டாயம் ஒருநாள் கழற்ற வேண்டிய பொருள். எனவே நல்ல கேசிங் என்பது வன்தட்டை வைப்பதற்கு மட்டும் அல்ல, எடுப்பதற்கும் எளிதாக இருக்க வேண்டும்.

4. பொம்மைக் கட்டைகளும் மூன்று அறைகளும்

1996இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இரண்டு மாணவர்கள் இணையத் தேடல் ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏராளமான சேமிப்பு இடம் தேவைப்பட்டது. 4 கிகாபைட் வன்தட்டு பத்து கிடைத்தது. மொத்தம் 40 கிகாபைட். ஆனால் பத்தையும் வைக்கப் பெட்டி? பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை வண்ணவண்ணமாக அடுக்கி ஒரு கேசிங் கட்டினார்கள். அந்த ஆய்வுதான் பின்னர் கூகுள் ஆனது. அந்தப் பெட்டியை ஸ்டான்ஃபோர்டில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மாணவர்களே, வசதி வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க.

வீட்டில் சர்வர் கட்டியவர்களும் இதே மாதிரி தந்திரம் செய்தார்கள். 1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற தரத்தை அறிவித்தது. மதர்போர்டு, பவர் சப்ளை, கேசிங் மூன்றையும் வெவ்வேறு நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒன்றோடொன்று பொருந்த அது வழிசெய்தது. அக்காலத்துப் பெரிய கேசிங்குகளில் முன்பக்கம் 5.25 அங்குல அறைகள் வரிசையாக இருக்கும். குறுந்தகடு இயக்கிக்காக வைத்த அறைகள் அவை. அந்த அறைகளில் மூன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஐந்து வன்தட்டுகளை வைக்கும் கூண்டுகள் விற்பனைக்கு வந்தன. மூன்று அறையில் எப்படி ஐந்து? இப்போது அந்தக் கணக்கைப் போடுவோம்.

ஓர் அறையின் உயரம் ஏறக்குறைய 41.3 மில்லிமீட்டர், மூன்று சேர்ந்தால் சுமார் 124. அகலம் சுமார் 146. ஐந்து வன்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் 26.1 பெருக்கல் 5, அதாவது 130.5 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். 124இல் நுழையாது. ஆனால் புத்தகங்களை அலமாரியில் நிறுத்துவது போல நிறுத்தி வைத்தால்? அகலம் 130.5, 146க்குள் அடங்கிவிடும். உயரம் 101.6, 124க்குள் அடங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்! கணித ஆசிரியர்கள் இதை வகுப்பில் கொடுத்துப் பார்க்கலாம்.

5. இந்தக் கதையில் நம் மண்

வன்தட்டின் வரலாறு எங்கோ தூரத்தில் நடந்த கதை என்று நினைத்துவிடாதீங்க. 1982இல் சீகேட் சிங்கப்பூரில் உற்பத்தியைத் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1980களிலும் 1990களிலும் உலகின் மிகப்பெரிய வன்தட்டு உற்பத்தி மையமாகச் சிங்கப்பூர் விளங்கியது. மலேசியாவிலும் பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் இத்தொழில் வளர்ந்தது. நம் மாணவர்கள் பலரின் பெற்றோர், தாத்தா பாட்டி தலைமுறை இத்தகைய மின்னணுத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் உழைத்த தலைமுறை.

பிறகு காலம் மாறியது. 2009இல் சீகேட் தனது அங் மோ கியோ வன்தட்டு ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. 2018இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தனது பெட்டாலிங் ஜெயா ஆலையை மூடும் முடிவை அறிவித்தது. மேசைக் கணினியில் வன்தட்டின் இடத்தை எஸ்.எஸ்.டி. பிடித்துக்கொண்டதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். உள்ளூர் வரலாறு படிக்கும் மாணவர்கள் இதை ஒரு நேர்காணல் பணியாக எடுத்துச் செய்யலாம். வீட்டில் யாராவது அந்த ஆலைகளில் வேலை பார்த்திருந்தால், கேட்டு எழுதி வையுங்க.

6. அதிர்வு, வெப்பம், வெள்ளம்

2000களின் பிற்பாதி, பல வன்தட்டுகள் கொண்ட பெட்டிகளுக்குப் பொற்காலம். 2006இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஏழு அங்குல உயரமே உள்ள ஒரு சர்வரில் 48 வன்தட்டுகளை நெருக்கி அடுக்கியது. நெருக்கி வைத்ததும் புதிய பிரச்சினைகள் தெரிய வந்தன.

முதலாவது, அதிர்வு. 2008 டிசம்பர் இறுதியில் சன் நிறுவனப் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு காணொளி வெளியிட்டார். ஓடிக்கொண்டிருந்த வன்தட்டு அடுக்கின் முன்னால் நின்று, அவர் தொண்டை கிழியக் கத்துகிறார். அந்த நொடியில் வன்தட்டுகள் பதில் சொல்லும் நேரம் திடீரென்று ஏறுவது திரையில் தெரிகிறது. மனிதக் குரலின் அதிர்வே எழுத்து முனையைத் தடுமாற வைக்கிறது என்றால், பக்கத்திலேயே சுழலும் ஏழெட்டு வன்தட்டுகளின் அதிர்வு என்ன செய்யும்?

இரண்டாவது, வெப்பம். 2007இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெப்பத்துக்கும் பழுதுக்கும் உள்ள தொடர்பு, எல்லாரும் நம்பிய அளவுக்கு நேரடியாக இல்லை என்று அதில் சொன்னார்கள். அதிக வெப்பத்திலும், வயதான வன்தட்டுகளிலும்தான் அந்தப் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. அப்படீன்னா என்ன அர்த்தம்? வன்தட்டைக் குளிர்சாதனப் பெட்டி மாதிரிக் குளிரவைக்கத் தேவையில்லை. ஆனால் வேகவிடவும் கூடாது.

மூன்றாவது, விலை. 2009 செப்டம்பரில் பேக்பிளேஸ் என்ற அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம், தன் சிவப்புப் பெட்டியின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. 1.5 டெராபைட் வன்தட்டு 45. மொத்தம் 67 டெராபைட். செலவு 7,867 அமெரிக்க டாலர். வன்தட்டுகளை மேலிருந்து கீழாகச் செங்குத்தாக இறக்கினார்கள். ஒன்பது பின்பலகை, ஒவ்வொன்றிலும் ஐந்து வன்தட்டு, ஆறு காற்றாடி, இரண்டு பவர் சப்ளை. பெரிய நிறுவனங்கள் இரகசியமாக வைத்திருந்த அறிவு, சாதாரண மனிதரின் மேசைக்கு வந்தது.

2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெருவெள்ளம். அங்கிருந்த வன்தட்டு ஆலைகள் நீரில் மூழ்கின. உலகம் முழுவதும் விலை ஏறியது. பேக்பிளேஸ் ஊழியர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் கடை கடையாக ஏறி, ஒருவருக்கு இரண்டு என்ற கட்டுப்பாட்டுக்குள், வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, உறையை உடைத்து உள்ளே இருந்ததை எடுத்துப் பயன்படுத்தினார்கள். ஒரு பக்கத்து நாட்டின் மழை, உலகின் சேமிப்பையே அசைத்தது. புவியியலும் பொருளியலும் வரலாறும் சந்திக்கும் இடம் இது.

7. அறைகள் ஏன் காணாமல் போயின?

இப்போது கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கோ சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயருக்கோ போய்ப் பாருங்க. கண்ணாடிப் பக்கம், வானவில் விளக்கு, உள்ளே மூன்று நான்கு காற்றாடி. அழகாகத்தான் இருக்கும். ஆனால் வன்தட்டு வைக்க எத்தனை இடம் என்று கேட்டால், பெரும்பாலானவற்றில் இரண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை.

காரணம் தெளிவு. குறுந்தகடு வழக்கொழிந்ததும் 5.25 அங்குல அறை தேவையற்றுப் போனது. எஸ்.எஸ்.டி. மதர்போர்டிலேயே ஒட்டிக்கொள்ளும் சிறு அட்டையாகிவிட்டது. படமும் பாட்டும் இணையத்திலிருந்தே ஓடுகின்றன. பெரிய வரைகலை அட்டைக்கு இடமும் காற்றும் வேண்டும். எனவே வன்தட்டுக் கூண்டை எடுத்துவிட்டார்கள். கேசிங் என்பது அந்தக் காலத்து மக்கள் கணினியை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று காட்டும் ஓர் ஆவணம் என்றே சொல்லலாம்.

ஆகவே பல வன்தட்டுகளுக்கான கேசிங் இன்று தேடி வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. ஸ்வீடனின் ஃப்ராக்டல் டிசைன் நிறுவனத்தின் சில பெட்டிகளை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். 2012இல் வந்த நோட் 304 சிறியது. ஆறு வன்தட்டு கொள்ளும். 2014இல் வந்த நோட் 804 கனசதுரம் போன்றது; மதர்போர்டுக்கு ஒரு பக்கம், வன்தட்டுகளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, பத்து வன்தட்டு வைக்கலாம். அதே ஆண்டின் டிஃபைன் ஆர் 5 உயரமான வழக்கமான வடிவம், எட்டு. 2020இல் வந்த டிஃபைன் 7 பதினான்கு வரை கொள்ளும் என்று சொல்கிறார்கள். ஆனால் பெட்டியோடு வரும் டிரே ஆறுதான், மீதியைத் தனியாக வாங்க வேண்டும். அட்டையில் பெரிதாக எழுதிய எண்ணுக்கும் கையில் கிடைக்கும் எண்ணுக்கும் வித்தியாசம் உண்டு. கவனமா படிச்சுப் பாருங்க.

8. வரலாறு சொல்லித்தரும் ஆறு கேள்விகள்

கடைக்குப் போவதற்கு முன், ஒரு தாளில் இந்த ஆறுக்கும் விடை எழுதுங்க.

ஒன்று: எத்தனை வன்தட்டு? இன்றைய தேவையை மட்டும் எண்ணக்கூடாது. ரெய்டு முறையில் இரண்டு வன்தட்டு பழுதானாலும் தாங்க வேண்டும் என்றால், இரண்டின் அளவு சரிபார்ப்புக்குப் போய்விடும். 8 டெராபைட் வன்தட்டு ஆறு போட்டால், பயன்படுத்தக் கிடைப்பது 4 பெருக்கல் 8, அதாவது 32 டெராபைட். ஒரு சிறு பள்ளிக்கு அது தாராளம். மேலும் ஓரிரு காலி இடம் இருக்கும் கேசிங் நல்லது. பழுதானதை மாற்றும்போது அது கைகொடுக்கும்.

இரண்டு: காற்று எந்த வழியாக வருகிறது? காற்றாடி வன்தட்டுகளுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். வன்தட்டுகளுக்கிடையே விரல் நுனி நுழையும் அளவாவது இடைவெளி வேண்டும். நம் ஊர் அறை வெப்பம் சாதாரணமாகவே 30 பாகை. அதற்கு மேல் வன்தட்டு 10 பாகை ஏறினாலே 40. பல வன்தட்டுகளுக்கு இயக்க உச்ச வரம்பு 60 பாகை என்றாலும், 45க்குக் கீழே வைத்துக்கொள்வது நிம்மதி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியால் மூடிய கேசிங் இந்த வேலைக்கு ஆகாது.

மூன்று: அதிர்வை எது தாங்குகிறது? டிரேயில் ரப்பர் வளையம் இருக்கிறதா, கூண்டு தடித்த தகட்டால் ஆனதா என்று பாருங்க. பெரிய வன்தட்டு ஒன்று சுமார் 700 கிராம். எட்டு வைத்தால் 5 கிலோவைத் தாண்டும். மெல்லிய தகடு வளைந்தால் எல்லாமே சேர்ந்து அதிரும்.

நான்கு: எப்படிக் கழற்றுவது? முன்பக்கக் கதவைத் திறந்து இழுத்தாலே வரும் அமைப்பு வசதியானது, ஆனால் விலை கூடும். உள்ளே திருகி வைக்கும் அமைப்பு மலிவு. ஒன்றை மாற்றக் கணினியை அணைத்து, பக்கத்தைத் திறந்து, கம்பிகளை விலக்க வேண்டும். எதுவானாலும் ஒரு வேலையை மறக்காதீங்க: ஒவ்வொரு வன்தட்டின் வரிசை எண்ணையும் ஒரு சிறு தாளில் எழுதி, டிரேயின் வெளிப்புறம் ஒட்டி வையுங்க. பழுதானதை விட்டுவிட்டு நல்லதை உருவிவிட்டால், ரெய்டு கொடுத்த பாதுகாப்பை நம் கையாலேயே கெடுத்துக்கொள்வோம். இன்னொன்று, அதிகக் கொள்ளளவுள்ள சில புதிய வன்தட்டுகளில் திருகுத் துளையின் இடம் மாறியிருக்கும். பழைய டிரேயில் பொருந்துமா என்று முன்பே பார்த்துவிடுங்க.

ஐந்து: மின்சாரம் போதுமா? வன்தட்டு சீராக ஓடும்போது 5 முதல் 8 வாட்தான். ஆனால் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர், அதாவது 24 வாட் இழுக்கும். எட்டும் ஒன்றாகத் தொடங்கினால் 192 வாட். மற்றப் பாகங்களின் தேவை தனி. பேக்பிளேஸ் இரண்டு பவர் சப்ளை வைத்தது சும்மா இல்லை. கேசிங்கில் வைக்கக்கூடிய பவர் சப்ளையின் அளவையும் சேர்த்தே பாருங்க. சிறிய கேசிங்குகளில் நீளமான பவர் சப்ளை நுழையாது.

ஆறு: எங்கே வைக்கப்போகிறோம்? வகுப்பறையில் வைத்தால் சத்தம் பாடத்தைக் கெடுக்கும். பூட்டிய ஸ்டோர் அறையில் வைத்தால் காற்று இருக்காது. தரையில் வைத்தால் தூசியும், திடீர் வெள்ள நீரும். முழங்கால் உயர மேசை, தூசி வடிகட்டி, பின்பக்கக் காலித் துளைகளை மூடும் தகடு, இவை மூன்றும் நம் ஊருக்குக் கட்டாயம். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

9. கேசிங் செய்ய முடியாதது

எவ்வளவு நல்ல கேசிங் வாங்கினாலும், அது தீயையோ திருட்டையோ, தவறாக அழித்துவிட்ட கோப்பையோ தடுக்காது. ரெய்டு என்பது பழுதைத் தாங்கும் வழி மட்டுமே. அது மறுபடி அன்று. முக்கியமான பதிவுகளுக்கு மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் என்ற விதியைக் கடைப்பிடியுங்க.

இன்னும் ஒன்று. ராமாக் தகடு, நெகிழ்தட்டு, குறுந்தகடு எல்லாமே ஒரு காலத்தில் புதுமைதான். அவற்றில் இருந்த பதிவுகளில், யாராவது நேரம் ஒதுக்கி அடுத்த சாதனத்துக்கு மாற்றியவைதான் பிழைத்தன. எனவே சர்வர் வாங்கும் பள்ளி, அதற்குப் பொறுப்பாக இரண்டு ஆசிரியர்களையாவது நியமித்து, கடவுச்சொல்லையும் வன்தட்டு வரிசைப் பட்டியலையும் அலுவலகக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் மற்றவர் இருப்பார்.

காலக்கோடு

1956: ஐ.பி.எம். 350; முதல் வணிக வன்தட்டு
1980: 5.25 அங்குல வன்தட்டு
1983: 3.5 அங்குல வன்தட்டு. உள்ளேயே வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணினி
1988: ரெய்டு ஆய்வுக் கட்டுரை
1995: ஏ.டி.எக்ஸ். தரம்
1996: ஸ்டான்ஃபோர்டின் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டி
2006: 48 வன்தட்டு கொண்ட சன் சர்வர்
2009: பேக்பிளேஸ் வரைபடம் வெளியீடு
2011: தாய்லாந்து வெள்ளம்

மாணவர்களுக்கான பயிற்சி

1. வன்தட்டின் உள்தொழில்நுட்பம் மாறியும் வெளி அளவு மாறாததற்கு இரண்டு காரணங்களைக் கட்டுரையிலிருந்து எடுத்து விளக்குக.
2. ஒரு வன்தட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம் என்றால், 12 வன்தட்டுகள் கொண்ட பெட்டியில் முதல் பழுது சராசரியாக எத்தனை மணி நேரத்தில் வரும்? அதை நாள்களாகவும் மாற்றுக.
3. 'ஒரு நாட்டின் இயற்கைப் பேரிடர் உலகச் சந்தையைப் பாதிக்கும்.' 2011ஆம் ஆண்டு நிகழ்வைச் சான்றாகக் காட்டி 150 சொற்களில் எழுதுக.
4. உங்கள் பள்ளியின் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டியதன் அவசியத்தை வலியுறுத்தித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுக.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: நான்காம் பயிற்சியில் சிறந்த கடிதத்தைத் தேர்ந்தெடுத்து, உண்மையாகவே தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்க. நல்ல தொடக்கமாக அமையலாம்.

சொல் விளக்கம்

வன்தட்டு: காந்தத் தகடுகளைச் சுழற்றித் தரவைச் சேமிக்கும் சாதனம்
நெகிழ்தட்டு: வளையும் தன்மையுள்ள பழைய சேமிப்புத் தட்டு
பின்பலகை: பல வன்தட்டுகளின் மின்னிணைப்பையும் தரவிணைப்பையும் ஒரே இடத்தில் சேர்க்கும் பலகை
சரிபார்ப்புத் தகவல்: இழந்த தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் பதிவு
மறுபடி: மூலம் அழிந்தாலும் பயன்படும்படி தனியே வைத்திருக்கும் நகல்